ஓட்டுவதா, அக்குவேறு ஆணிவேறாகக் கழட்டுவதா? வளவில் நிற்கும் பழைய காருக்கு ஒரு முழு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் இன்னும் ஒழுங்கைக்கு ஒன்றாவது நிற்கிறது. வேப்பமரத்துக்குக் கீழே, படங்கு போர்த்தியபடி, அப்பாவோ அப்பப்பாவோ ஓட்டிய ஒரு மொரிஸ் மைனர் அல்லது ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ். அதைத் திரும்ப ஓட வைக்க நினைக்கிற எல்லாரும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "அண்ணை, முழுசாக் கழட்டிச் செய்யிறதோ, இருக்கிறபடி ஓட்டுறதோ?"

இதுவரை மூன்று கார்களில் நான் கைவைத்திருக்கிறேன். முதலாவதைக் கழட்டிவிட்டுத்தான் யோசித்தேன். அது ஆறு வருசம் சாக்குகளுக்குள் கிடந்தது. அதனால் கீழே உள்ள ஒழுங்கை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குப் போகலாமா என்பதைச் சொல்லும். முடிவு எட்டாவது படியில்தான் வரும். அதுவரை ஸ்பானரால் கழட்டுவது சோதனைக்கும் அந்தந்தப் பழுதுக்கும் தேவையானதை மட்டும்.

1. முதலில் புத்தகம், பிறகு கார்

பொனற்றைத் திறக்கமுன் பதிவுப் புத்தகத்தைத் திறவுங்கள். சசி (அடிச்சட்டம்) இலக்கம், எஞ்சின் இலக்கம், நிறம் மூன்றையும் காரோடு ஒப்பிடுங்கள். மைனரில் சசித் தகடு பொனற்றுக்குள், பின்பக்கத் தகட்டுச் சுவரில் இருக்கும். கறளும் பெயின்றும் மூடியிருந்தால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மெதுவாகத் துடையுங்கள். உப்புத்தாள் போடவேண்டாம், இலக்கமே தேய்ந்துவிடும்.

இங்கே எஞ்சின் மாற்றாத கார் குறைவு. ஒன்று பழுதானால் அடுத்த வளவில் நின்றதைக் கழட்டிப் பூட்டிய காலம் அது. புத்தகத்தில் ஒரு இலக்கம், எஞ்சினில் வேறொன்று என்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்தலாமா என்று முதலில் விசாரியுங்கள். புத்தகம் காலமான ஒருவரின் பெயரில் இருந்தாலோ, வெறும் கையெழுத்தோடு நாலு பேரிடம் கைமாறியிருந்தாலோ அதையும் இப்போதே தீர்க்கவேண்டும். வீதியில் ஓட வேண்டிய வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாத காருக்குப் போடும் காசு திரும்பி வராது.

2. கையில் இருக்கவேண்டியவை

நல்ல ரோச், பழைய திருப்புளி, துணி சுற்றிய சின்னக் காந்தம், ஜாக், கிறீஸ் துப்பாக்கி, சிலிண்டர் அமுக்கம் பார்க்கும் மானி, ஒரு கொப்பி. மானி இல்லாவிட்டால் கராச்சில் ஒரு பின்னேரத்துக்கு இரவல் கேட்கலாம்.

காரை உயர்த்தி நிறுத்த இரும்பு ஸ்ரான்ட் வாங்குங்கள், இல்லாவிட்டால் நல்ல வைரமான பனங்குற்றி வையுங்கள். சீமெந்துக் கல் வேண்டவே வேண்டாம். மரம் முறியமுன் முனகும். சீமெந்துக் கல் சத்தமில்லாமல் ஒரே அடியாக நொறுங்கும், நீங்கள் அப்போது கீழே படுத்திருப்பீர்கள்.

3. ஸ்ரார்ட் பண்ண அவசரப்படாதீர்கள்

வெளிநாட்டிலிருந்து மூன்று கிழமை லீவில் வரும் ஆக்கள் விழும் குழி இது. எனது மருமகன் கனடாவிலிருந்து வந்த அடுத்த நாளே புதுப் பற்றறியோடு வந்து நின்றான். பன்னிரண்டு வருசம் நின்ற எஞ்சினைப் பற்றறியால் சுழற்றினால், சிலிண்டரோடு ஒட்டிப்போன பிஸ்டன் வளையம் முறியலாம். ஒரு சவுண்டு கேட்கும் ஆசைக்கு ஒரு எஞ்சின் விலை.

பிளக்குகளைக் கழட்டி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, ஒரு இரவு விடுங்கள். அடுத்த நாள் முன்னால் கைப்பிடி போட்டு மெதுவாகச் சுழற்றுங்கள். சுழன்றால் நல்லது. சுழலாவிட்டால் இன்னும் ஒயில் விட்டு இன்னும் இரண்டு நாள். கைப்பிடியில் ஏறி மிதிக்கவேண்டாம்.

பிறகு பழைய ஒயிலை வடித்துப் புதியது ஊற்றுங்கள். காற்று வடியைத் திறந்து பாருங்கள், எலி கூடு கட்டியிருக்கும். புகைக்குழாய்க்குள் அணில் தும்பு அடைத்து வைத்திருந்ததையும் கண்டிருக்கிறேன். ராங்கியில் இருக்கும் பெற்றோல் பிசினாகியிருக்கும், அதை எஞ்சினுக்கு அனுப்பாதீர்கள். காபறேற்றருக்கு வெளியே ஒரு போத்தலில் இருந்து கொஞ்சமாக விடலாம். பெற்றோல் கிடைக்காத 1990களில் போத்தலில் கார் ஓட்டிய யாழ்ப்பாணத்துக்கு இதை ஆரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை.

பற்றறி கொழுவமுன் இன்னொன்று. அந்தக்கால ஆங்கிலேயக் கார்களில் பற்றறியின் நேர் முனைதான் பொடியோடு சேரும், இப்போதைய கார்களுக்கு நேர்மாறு. சிலவற்றைப் பின்னாளில் மாற்றியும் இருக்கிறார்கள். எந்த வயர் எதற்குப் போகிறதென்று பார்க்காமல் கொழுவினால் டைனமோவும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் கெடும்.

4. கறளைத் தேடுங்கள்: முடிவைச் சொல்லும் இடம் இதுதான்

எல்லாரும் எஞ்சினைப் பார்க்கிறார்கள். எஞ்சினை ஒரு நாளில் இறக்கி, வேறொன்றை ஏற்றலாம். கறள் தின்ற அடித்தகட்டை அப்படி மாற்ற முடியாது. அதனால் ஒரு முழு நாளை இதற்கு ஒதுக்குங்கள்.

முதலில் உங்கள் கார் எந்த வகை என்று தெரியவேண்டும். மொரிஸ் மைனருக்கும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜுக்கும் தனிச் சசி இல்லை. பொடியே சசி, வளைத்து ஒட்டிய தகடுகள்தான் முழுப் பாரத்தையும் சுமக்கின்றன. ஒஸ்ரின் ஏ-40 டெவன், சொமர்செற் போன்றவற்றுக்கு அடியில் தனிச் சசி உண்டு. அந்தக் கார்களில் கதவுக்குக் கீழே ஓட்டை விழுந்தால் பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். மைனரில் அதே ஓட்டை காரின் முதுகெலும்பில் விழுந்த ஓட்டை.

மைனரில் பார்க்கவேண்டிய இடங்கள், ஆபத்து ஒழுங்கில்: முன் இருக்கைகளுக்குக் கீழே குறுக்கே ஓடும் பெட்டித் தகடு. முன் சில்லுகளுக்கு வில்லாக வேலைசெய்யும் முறுக்குக் கம்பிகள் வந்து மாட்டுவது அதில்தான். அடுத்து, பின் வில்லுகள் கொழுவும் இடம். அடுத்து, கதவுகளுக்குக் கீழே நீளத்துக்கு ஓடும் வாசற்படித் தகடான சில் (சக்கரமான சில்லு வேறு). பிறகு எஞ்சினைத் தாங்கும் இரண்டு முன் கால்கள். காலடித் தகடு, டிக்கியின் அடி, மட்காட்டின் பின் விளிம்பு, கதவின் கீழ் விளிம்பு எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

திருப்புளியின் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு "கண்" என்று சொல்லும். கறள் பிடித்தது ஈரப்பானையைத் தட்டியதுபோல் "பொத்" என்னும். பொத்தென்ற இடத்தில் திருப்புளி முனையை அழுத்துங்கள். உள்ளே போனால் கவலைப்படாதீர்கள், அந்த ஓட்டை ஏற்கனவே இருந்ததுதான். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறது. தடிப்பாகப் பூசிய பட்டிக்குக் கீழே என்ன இருக்கிறதென்று ஆருக்கும் தெரியாது, பூசியவருக்கும்தான்.

ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். மாரியில் கதவு ரப்பரால் ஒழுகிய தண்ணீர் அதற்குக் கீழே கிடந்து தகட்டைத் தின்னும். கார் எங்கே நின்றது என்பதையும் கேளுங்கள். காரைநகர், வல்வெட்டித்துறைப் பக்கம் கடற்காற்றில் நின்ற காருக்கும் கோண்டாவில், உரும்பிராய்ச் செம்மண்ணில் நின்ற காருக்கும் நிறைய வித்தியாசம். செம்மண்ணிலும் வெறும் நிலத்தில் நின்றதா, சீமெந்துத் தரையில் நின்றதா என்று பாருங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. கதவைத் திறந்து மூடி, அதன் இடைவெளியைக் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஒரு பக்கப் பின் சில்லு கொஞ்சம் தூக்கும்வரை ஜாக்கை ஏற்றி, அதே கதவைத் திரும்ப மூடுங்கள். கதவு இடித்தால், இடைவெளி மேலும் கீழும் ஒரேமாதிரி இல்லாமல் மாறினால், பொடி வளைகிறது. இந்தக் காரை ஓட்டுவதா என்ற கேள்வி அங்கேயே முடிந்தது. எட்டாம் படியின் கடைசியில் உள்ள நாலு நிபந்தனையையும் பார்த்துவிட்டு ஒன்பதாம் படிக்குப் போங்கள், இல்லாவிட்டால் விற்றுவிடுங்கள்.

5. நிற்க வைத்த பிறகுதான் ஓட வைக்கவேண்டும்

அடித்தகடு தேறினால் அடுத்தது பிறேக். இந்தக் கார்களில் பிறேக் ஒயில் ஒரே சுற்று. ஒரு சில்லில் கசிந்தால் நாலு சில்லும் போச்சு, மிஞ்சுவது கைப்பிறேக் மட்டும். அதனால் கசிந்ததை மட்டும் மாற்றுவது என்ற பேச்சு இங்கே இல்லை. எல்லா ரப்பர்க் குழாய்களும், எல்லாச் சிலிண்டர் வாசர்களும், கறள் ஏறிய இரும்புக் குழாய்களும் ஒரே தடவையில் மாறவேண்டும்.

மைனரின் பிரதான பிறேக் சிலிண்டர் ஓட்டுபவரின் காலுக்குக் கீழே தகட்டுக்குள் இருக்கிறது, மூடி விரிப்புக்கு அடியில். கண்ணில் படாததால் வருசக்கணக்கில் ஆரும் திறந்திருக்கமாட்டார்கள். கழட்டப்போனால் முறுக்குக் கம்பி வழிமறிக்கும், அதை விலக்காமல் போல்ற் வெளியே வராது. இந்த வேலைக்கு ஒரு நாள் போகும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருக்கிற ஏதாவது எண்ணெயைப் பிறேக்குக்கு ஊற்றுவது நான் அடிக்கடி காணும் பிழை. எஞ்சின் ஒயில் பட்டால் பிறேக் ரப்பர் ஊதிப் பெருத்துச் சிலிண்டருக்குள் சிக்கும். பிறேக் ஒயில் என்று எழுதியதை மட்டும் ஊற்றுங்கள். எல்லாம் பூட்டிய பிறகு பெடலை ஒரு நிமிசம் அழுத்திப் பிடியுங்கள். மெதுவாகக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது.

முன் சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். மைனரின் முன் சில்லு மரையில் சுழலும் மூட்டுகளில் தொங்குகிறது. கிறீஸ் காணாவிட்டால் மரை தேய்ந்து, ஒரு நாள் கீழ் மூட்டுக் கழன்று, சில்லு காருக்கு அடியில் மடிந்துவிடும். பெரும்பாலும் வளைவில், குறைந்த வேகத்தில் நடக்கும் என்பது ஒரு ஆறுதல். ஆட்டம் இருந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டாலும் 1,600 கிலோமீற்றருக்கு ஒருமுறை கிறீஸ் அடியுங்கள்.

ரயரில் பூ இருக்கிறதென்று ஏமாறவேண்டாம். பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 1512 என்றால் 2012ஆம் ஆண்டின் 15ஆவது கிழமையில் செய்தது. நாலு இலக்கமே இல்லாத ரயர் 2000க்கு முந்தியது, அது ஊஞ்சலுக்குத்தான் சரி.

6. எஞ்சின்: புகையைக் கண்டு பயப்படாதீர்கள்

எஞ்சின் சூடானபின், பிளக்குகளைக் கழட்டி, பெற்றோல் மிதியை முழுக்க அழுத்தியபடி ஒவ்வொரு சிலிண்டராக அமுக்கம் பாருங்கள். எண் எவ்வளவு என்பதைவிட நாலும் ஒன்றுக்கொன்று கிட்ட இருக்கிறதா என்பதே முக்கியம். ஒன்று மட்டும் குறைந்தால் அதற்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். ஏறினால் வளையம் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு. பக்கத்தில் பக்கத்தில் உள்ள இரண்டு குறைந்தால் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவே ஹெட் கஸ்கற் (எஞ்சினுக்கும் அதன் மேல்மூடிக்கும் இடையில் வைக்கும் அடைப்புத் தகடு) எரிந்திருக்கும். அது ஒரு சனிக்கிழமை வேலை.

1990களில் மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினா என்று கேட்டு வையுங்கள். முழுதாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரின் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, ஒயிலையும் தண்ணீராக்கும். வளையமும் பெயாரிங்கும் அதனால்தான் தேய்ந்திருக்கும். அந்த எண்ணெய்க்கு ஏற்றபடி அமுக்கத்தைக் குறைக்கத் தடித்த கஸ்கற் போட்டவர்களும் உண்டு. நாலு சிலிண்டரும் சமமாக, ஆனால் குறைவாகக் காட்டினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல், தண்ணீரும் அப்படித்தான். கேத்தலுக்குள் படியும் வெள்ளைப் படையை எண்ணிப் பாருங்கள், அதே படைதான் எஞ்சினுக்குள்ளும் படிகிறது. சூடேறுகிறதென்று எஞ்சினைப் பிரித்த இரண்டு பேரை எனக்குத் தெரியும், இருவருக்கும் அடைபட்டது றேடியேற்றர்தான். பிடித்து வைத்த மழைத்தண்ணீர், அல்லது பற்றறிக்கு விற்கும் வடித்த தண்ணீர் போதும்.

புகைக்கிற எஞ்சின் முழுக் காரையும் கழட்டுவதற்குக் காரணமே இல்லை. வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை தேறவேண்டும் என்பது உண்மைதான். அதற்கு எஞ்சினை மட்டும் செய்தால் போதும்.

7. மூன்று மாதம் ஓட்டி, கொப்பியில் எழுதுங்கள்

ஆருக்கும் பொறுமை இல்லாத படி இது. பத்திரமும் காப்புறுதியும் எடுத்து, காரை ஓட்டுங்கள். முதல் கிழமை ஊருக்குள். பிறகு சுன்னாகம் சந்தைவரை. பிறகு பருத்தித்துறை. வல்லைவெளியில் எதிர்க்காற்றில் போகும்போது எஞ்சின் என்ன சொல்கிறதென்று கேளுங்கள். எல்லாம் சரியென்றால் ஏ-9 வீதியில் ஆனையிறவுவரை போய்த் திரும்புங்கள்.

ஒவ்வொரு நாளும் நாலு வரி: எத்தனை மைல், ஒயில் எவ்வளவு குறைந்தது, தண்ணீர் எவ்வளவு, என்ன சத்தம் எங்கிருந்து. வளவில் நிற்கும் காரில் உங்களுக்குத் தெரிவது பெயின்ற் உரிந்தது மட்டும். ஓடும் காரில்தான் இரண்டாம் கியர் கழன்று விழுவதும் மழையில் துடைப்பான் நிற்பதும் தெரியவரும்.

உங்களையும் இது சோதிக்கும். முதல் கியருக்கு ஓடும்போது மாற்ற முடியாது, கார் நின்றால்தான் சத்தமில்லாமல் விழும். ஏ.சி. இல்லை. சித்திரை வெயிலில் மதியம் ஆஸ்பத்திரி வீதி நெரிசலில் ஒருமுறை நின்று பாருங்கள். சிலருக்கு ஆசை அங்கேயே தீர்ந்துவிடும். கதவைக்கூடக் கழட்டாத காரை அப்போது நல்ல விலைக்கு விற்கலாம்.

8. இப்போது முடிவெடுங்கள்

கொப்பியில் உள்ளதை மூன்றாகப் பிரியுங்கள்: உயிருக்கு ஆபத்தானது, காரைத் தின்பது, கண்ணுக்கு வடிவில்லாதது. முதலாவது ஏற்கனவே முடிந்திருக்கவேண்டும். இரண்டாவதில் காலடித் தகடு, மட்காட் விளிம்பு மட்டும் இருந்தால் ஓட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். ஒரு வேலை, ஒரு கிழமை, திரும்ப வீதியில். எனது இரண்டாவது கார் இப்படித்தான் நாலு வருசத்தில் முழுதாக முடிந்தது, ஒருமுறைகூடப் பத்து நாளுக்கு மேல் வளவில் நிற்கவில்லை.

மூன்றாவது மட்டும் என்றால் ஒன்றும் செய்யாதீர்கள். வெயிலில் மங்கிய பழைய பெயின்றைத் தேய்த்து மினுக்கினாலே போதும். ஒருமுறை உரித்தால் அந்தப் பெயின்ற் திரும்ப வராது.

முழுதாகக் கழட்டவேண்டிய கார் ஒன்றே ஒன்று: நாலாம் படியில் தோற்ற கார். அதற்கும் நாலு நிபந்தனை உண்டு. காரைப்போல் இரண்டு மடங்கு இடமுள்ள, கூரை போட்ட கொட்டில் வேண்டும், கழட்டிய சாமான் காரைவிடக் கூட இடம் பிடிக்கும். தகடு வெட்டி ஒட்டத் தெரிந்த ரிங்கரிங்காரர் ஒருவர் நாளைச் சொல்லியிருக்கவேண்டும். ரிங்கரிங்குக்கு வேண்டிய முழுக்காசும் கையில் இருக்கவேண்டும், "வரும்" காசு கணக்கில் இல்லை. கிடைக்காத சாமான்களின் பட்டியலோடு ஒருமுறை உதிரிப்பாகக் கடைகள் உள்ள கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய் வந்திருக்கவேண்டும். ஒன்று குறைந்தாலும் படங்கை இழுத்து மூடி, அதுவரை காத்திருங்கள். கழட்டாத கார் காத்திருக்கும்.

9. கழட்டத்தான் வேண்டுமென்றால், இந்த ஒழுங்கில்

படம் எடுங்கள், ஒவ்வொரு மூலையையும் மூன்று பக்கத்தால். போல்ற்றுகளை அது வந்த ஓட்டையிலேயே திரும்ப இரண்டு சுற்றுப் போட்டு வையுங்கள். பைகளில் பேனையால் எழுதினால் ஒரு வெயிலில் அழிந்துவிடும். தகரத் துண்டில் ஆணியால் கீறிக் கட்டுங்கள்.

முதலில் அடித்தகடு. எஞ்சின் கையில் கிடைக்கிற சந்தோசத்தில் அதை முதலில் செய்வார்கள். பொடி முடிய இரண்டு வருசம் போகும், அதற்குள் புது எஞ்சின் மூலையில் கிடந்து திரும்ப இறுகிவிடும்.

சில் வெட்டமுன் காரைச் சமதரையில், சில்லுகளின் இடத்தில் தாங்கி நிறுத்துங்கள். கதவு வாசலுக்குள் குறுக்கும் நெடுக்கும் இரும்புச் சட்டம் ஒட்டுங்கள். ஒரு பக்கம் வெட்டி, ஒட்டி, கதவைப் பூட்டி இடைவெளி பார்த்த பிறகே மறுபக்கம். எனது முதல் காரில் இரண்டு பக்கச் சில் தகட்டையும் ஒரே நாளில் வெட்டினார்கள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் காரின் இடது கதவு இன்றைக்கும் தோளால் தள்ளித்தான் மூடவேண்டும்.

பிறகு பிறேக் குழாய், சில்லு மூட்டு, வில்லு. பொடி தன் சில்லில் உருளத் தொடங்கினால் ரிங்கரிங்காரரிடமிருந்து பெயின்ற்காரருக்குத் தள்ளிக்கொண்டு போகலாம். பெயின்றுக்கு முன் கதவு, பொனற், மட்காட், குரோம் பட்டி எல்லாவற்றையும் ஒருமுறை பூட்டிப் பாருங்கள். பெயின்ற் அடித்த பிறகு ஓட்டை துளைப்பது மனதையே துளைக்கும்.

பெயின்றுக்கு மாசி முதல் சித்திரைவரை நல்லது. மாரியில் ஈரம் ஏறிப் பெயின்ற் பால்போல் வெளுக்கும். சோளகக் காற்றில் செம்மண் தூசி ஈரப் பெயின்றில் வந்து குந்தும். நிறம் மாற்றினால் பதிவுப் புத்தகத்திலும் மாற்றவேண்டும்.

வயரிங், எஞ்சின், கண்ணாடி, இருக்கை இந்த ஒழுங்கில் வரட்டும். பழைய வயரின் துணி உறை உதிர்ந்திருந்தால் ஒட்டுப்போடாமல் முழுதாக மாற்றுங்கள். இவற்றில் ஃபியூஸ் இரண்டுதான், நெருப்புப் பிடித்தால் நிறுத்த அதிகம் இல்லை.

வீதிக்கு வந்து 800 கிலோமீற்றர் ஓடியதும் எஞ்சின் ஒயிலை மாற்றுங்கள். ஹெட் நட்டுகளை இறுக்கி, வால்வு இடைவெளியைத் திரும்பப் பாருங்கள், மைனருக்கு எஞ்சின் ஆறியிருக்கும்போது 0.012 அங்குலம். சில்லு நட்டுகளை முதல் நாள் பின்னேரமே ஒருமுறை இறுக்குங்கள், புதுப் பெயின்றுக்கு மேல் பூட்டிய நட்டு கட்டாயம் தளரும்.